கடலின் நிறத்தை வாசித்த கதை

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

மழை விட்ட ஒரு பின்னேரம், தரம் 9 பிள்ளைகள் சிலரை அவர்களுடைய பெற்றோருடன் வெள்ளவத்தைக் கரைக்குக் கூட்டிப் போயிருந்தோம். தண்டவாளத்தைக் கடந்து, கால்வாய் கடலில் விழும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி நின்றோம். கரையோரத்தில் தண்ணீர் மண்ணிறமாக இருந்தது. அதற்கு அப்பால் ஒரு பச்சைப் பட்டை. அதற்கும் அப்பால் நீலம். ஒரு பிள்ளை கேட்டாள்: "இது மூன்று கடலா, ஒரே கடலா?"

பக்கத்தில் நின்றவன் உடனே விடை சொன்னான்: "கடலுக்கு நிறம் இல்லை. வானத்தின் நிறம்தான் கடலில் தெரியுது."

அந்த விடை எங்களிடமிருந்து போன விடைதான். ஆசிரியர் கலாசாலைக்குப் போகும் முன்பும், அங்கிருந்து வந்த பிறகும், நாங்கள் அதை அப்படியே சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறோம். ஆனால் அன்று அந்தப் பிள்ளையின் கேள்வி எங்களை நிறுத்திவிட்டது. மேலே இருப்பது ஒரே வானம். அப்படியானால் கீழே எப்படி மூன்று நிறம்?

வீட்டுக்கு வந்து தேடி வாசித்தோம். நாங்கள் சொல்லிவந்த விடை நூறு வருடத்துக்கு முன்பே பிழையென்று காட்டப்பட்டுவிட்டது. காட்டியவர் ஒரு தமிழர். அதைத் தொடர்ந்து போனால் கதை விண்வெளி வரை போகிறது, பிறகு எங்கள் கிருலப்பனைக் கால்வாய்க்கே திரும்பி வருகிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

*மாலுமிகளின் பாடம்*

கடலின் தோற்றத்தைப் பார்த்து அதன் நிலையை அறிவது புதிய விஷயம் அல்ல. கி.பி. முதலாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட எரித்திரியக் கடல் பெரிப்ளஸ் என்ற கடல்வழி நூல், சிந்து நதியை நெருங்கும் கப்பல்களுக்கு அடையாளம் சொல்கிறது. கரை கண்ணுக்குத் தெரியும் முன்பே ஆற்றுத் தண்ணீர் வெகுதூரம் கடலுக்குள் வந்து கப்பலை எதிர்கொள்ளும். கடற்பாம்புகளும் தென்படும். அதைக் கண்டால் கரை கிட்ட இருக்கிறது என்று பொருள்.

பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில், ஏறத்தாழ 1490 இல், அரபு மாலுமி அஹ்மத் இப்னு மாஜித் தன் 'கிதாபுல் ஃபவாயித்' நூலை எழுதினார். இன்றைய ராஸ் அல் கைமாப் பகுதியில் இருந்த ஜுல்ஃபாரைச் சேர்ந்தவர் அவர். நட்சத்திரங்களைக் கொண்டு வழி பார்ப்பதோடு, கரையை உணர்த்தும் அடையாளங்களையும் மாலுமி கற்றிருக்க வேண்டும் என்பது அவருடைய பாடம். பறவை, கடற்பாம்பு, மிதந்து வரும் பாசி, ஈயக் குண்டில் ஒட்டி வரும் அடிமண் எல்லாம் அந்த அடையாளங்களில் அடங்கும். எங்கள் மூதாதையர் சிலரைச் செரண்டீப் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தது இந்த வகை அறிவுதான்.

முகத்துவாரத்திலும் மட்டக்குளியிலும் கடலுக்குப் போகிறவர்களிடம் இன்றும் இது இருக்கிறது. தண்ணீர் எந்த இடத்தில் நிறம் மாறுகிறது, எங்கே களனி ஆற்றுக் கலங்கல் முடிந்து தெளிந்த நீர் தொடங்குகிறது என்று பார்த்தே வலை போடுவார்கள்.

ஆனால் கண்ணால் பார்த்ததை இன்னொருவருக்கு எப்படிச் சொல்வது? "கொஞ்சம் பச்சை" என்றால் எவ்வளவு பச்சை? கண் பார்த்தது எண்ணாக மாறாமல் அது அறிவியலாகாது.

*வெள்ளைத் தட்டும் நீலக் கடலும்*

1865 ஏப்ரலில் அஞ்சலோ செக்கி என்ற இத்தாலிய வானியலாளர், பாப்பரசரின் கப்பல் ஒன்றிலிருந்து வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி மத்தியதரைக் கடலில் இறக்கினார். தட்டு கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொண்டார். செய்முறை அவ்வளவுதான். தெளிந்த நீரில் ஆழம் கூடும், கலங்கிய நீரில் குறையும். அந்தத் 'செக்கித் தட்டு' இன்றும் உலகமெங்கும் பாவனையில் இருக்கிறது.

1921 இல் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த சி. வி. ராமன், இங்கிலாந்திலிருந்து 'நார்குண்டா' என்ற கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தார். திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர். மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரை யோசிக்க வைத்தது. கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு என்று அந்தக் காலத்தின் பெரிய பௌதிகவியலாளரான ரேலி பிரபு சொல்லியிருந்தார். நாங்கள் வகுப்பில் சொன்னதும் அதுதானே.

ராமனிடம் சிறிய பளிங்குப் பட்டகம் ஒன்று இருந்தது. நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியை அதைக் கொண்டு, குறித்த கோணத்தில் பார்த்து, அடக்கிவிடலாம். வானத்தின் பிம்பத்தை இப்படி நீக்கிவிட்டுப் பார்த்தார். கடலின் நீலம் மறையவில்லை. முன்னைவிட நன்றாகத் தெரிந்தது. ஆகவே நிறம் மேற்பரப்பில் இல்லை, தண்ணீருக்குள்ளிருந்து வருகிறது. பம்பாய்த் துறைமுகத்தை அடைந்ததும் 'நேச்சர்' சஞ்சிகைக்கு எழுதி அனுப்பினார். அந்தக் கேள்வியின் வழியே போய்த்தான் 1928 இல் ராமன் விளைவைக் கண்டார், 1930 இல் நோபல் பரிசு பெற்றார்.

இன்று நாம் அறிந்தபடி சுருக்கமாகச் சொன்னால் இப்படி: தண்ணீர் சிவப்பு ஒளியை விரைவில் உறிஞ்சிவிடும். நீல ஒளி ஆழமாகப் போய், சிதறி, ஒரு பகுதி மேலே திரும்பி வரும். அதனால் தூய கடல் நீலம்.

தண்ணீருக்குள் வேறு பொருள் இருந்தால் திரும்பி வரும் ஒளியும் மாறும். கடலில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய தாவரங்கள் மிதக்கின்றன. பாடப்புத்தகத்தில் தாவரப் பிளாந்தன் என்று இருப்பவை அவைதான். அவற்றில் உள்ள குளோரோபில் நீலத்தையும் சிவப்பையும் எடுத்துக்கொண்டு பச்சையை விட்டுவிடும். அவை பெருகினால் கடல் பச்சையாகும். ஆறு கொண்டுவரும் மண் ஒளியைத் தெறிக்கவைத்துத் தண்ணீரை மண்ணிறமாக்கும். உக்கிய இலைகுழைகளின் சாறு, பிளேன்ரீயைப் போல மஞ்சளும் கபிலமுமாகச் சாயம் ஏற்றும்.

வெள்ளவத்தையில் அந்தப் பிள்ளை கண்ட மூன்று நிறங்களுக்கும் காரணம் இதுவே. கடல் ஒன்று. அதற்குள் இருப்பவை வேறு வேறு.

*வானத்திலிருந்து ஒரு கண்*

நிறத்தைக் கொண்டு பிளாந்தனின் அளவைக் கணிக்கலாம் என்றால், அதை ஏன் மேலே இருந்து செய்யக்கூடாது? 1970 இல் கிளார்க், யூவிங், லோரன்சன் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள், விமானத்தில் பறந்தபடி கடலிலிருந்து வரும் ஒளியை அளந்தார்கள். குளோரோபில் கூடிய இடத்தில் நீலம் குறைவதை அங்கிருந்தே கண்டார்கள்.

1978 ஒக்டோபர் 24 ஆம் திகதி நாசா ஏவிய நிம்பஸ்-7 செய்மதியில் கடலின் நிறத்தை அளப்பதற்கென்றே ஒரு கருவி இருந்தது. ஒரு வருடப் பரீட்சார்த்தமாகத் திட்டமிட்டது 1986 வரை வேலை செய்தது. அதன் வழி எளிமையானது. 443 நனோமீற்றர் அலைநீளமுள்ள நீலம் எவ்வளவு, 550 நனோமீற்றர் பச்சை எவ்வளவு என்று அளந்து, ஒன்றை மற்றதால் வகுப்பது. நீலம் கூடினால் பிளாந்தன் குறைவு. பச்சை கூடினால் பிளாந்தன் அதிகம்.

வழி எளிமையானாலும் வேலை எளிதல்ல. செய்மதிக்குப் போய்ச் சேரும் ஒளியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் கடலுக்குள்ளிருந்து வருவது. மீதியெல்லாம் காற்றும் தூசியும் சிதறவைத்த ஒளி. அதைக் கணக்குப் போட்டுக் கழிக்க வேண்டும். கழிப்பதில் சிறு பிழை வந்தாலும் விடை பெரிதாக மாறிவிடும்.

அதனால் செய்மதி சொல்வதை யாரும் கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை. செய்மதி ஒரு இடத்தைக் கடக்கும் நாட்களில் கப்பல்கள் அங்கே போய்ப் போத்தலில் தண்ணீர் அள்ளி, வடிகட்டி, குளோரோபிலை அளந்து ஒப்பிட்டன. ஹவாயில் லானாய் தீவுக்கு அருகே, செய்மதிகளைச் சரிபார்ப்பதற்கென்றே ஒரு மிதவை 1997 முதல் நிற்கிறது. விண்வெளியில் எத்தனை பெரிய கருவி இருந்தாலும் கீழே ஒரு போத்தல் தண்ணீர் அதற்குச் சாட்சி சொல்ல வேண்டும். பிள்ளைகளிடம் நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

1997 ஒகஸ்ட் 1 இல் 'சீவிஃப்ஸ்' என்ற கருவியைச் சுமந்த செய்மதி போனது. 2010 வரை அது உலகக் கடல்களைப் படமெடுத்தது. நமக்கு அயலில், 1999 மே 26 இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியா ஓஷன்சாட்-1 செய்மதியை ஏவியது. கடலுக்கென்றே இந்தியா அனுப்பிய முதல் செய்மதி அது. அதே வருடம் ஹைதராபாத்தில் இன்கொய்ஸ் என்ற கடல் தகவல் நிலையம் தொடங்கப்பட்டது. கடலின் வெப்பநிலையையும் நிறத்தையும் சேர்த்துப் பார்த்து, எந்தப் பக்கம் மீன் கூடும் வாய்ப்பு இருக்கிறது என்று கரையோர மக்களுக்கு அவர்களுடைய மொழிகளில் அது அறிவிக்கிறது. தமிழிலும் அறிவிக்கிறது.

*எங்கள் தீவைச் சுற்றிய பச்சை*

எங்கள் கடலைப் பற்றிச் செய்மதி என்ன சொன்னது?

பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் வினயச்சந்திரனும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் 2004 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் இலங்கையைச் சுற்றிய கடலில் என்ன நடக்கிறது என்பதே அதன் பொருள். காற்று வீசும்போது தென்கரையோரத்தில் மேல்நீர் விலகி, அடியிலிருந்து குளிர்ந்த, போசணை நிறைந்த நீர் மேலே வருகிறது. பிளாந்தன் பெருகுகிறது. தென்கரை பச்சையாகிறது. அந்தப் பச்சை அங்கேயே நிற்பதில்லை. பருவக்காற்றோடு ஓடும் நீரோட்டம் அதைக் கிழக்கே இழுத்து வங்காள விரிகுடாவுக்குள் கொண்டு போகிறது.

"காத்துக் காலம்" என்று சொல்லி வீட்டில் இருந்துவிடும் மாதங்கள் அவை. அதே மாதங்களில்தான் கடல் தனக்குச் சோறு சமைக்கிறது. பிளாந்தனைத் தின்னச் சாளையும் நெத்தலியும் வரும், அவற்றைத் தின்னப் பெரிய மீன்கள் வரும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து அதிக தூரமில்லை, மட்டக்குளி காக்கைதீவில் நாரா நிறுவனம் இருக்கிறது. 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனம் அது. ஆழ்கடலில் சூரை பிடிக்கும் பல நாள் படகுகளுக்கு, செய்மதித் தரவுகளைக் கொண்டு மீன் கூடும் இடங்களை எதிர்வுகூறும் வேலையையும் அது செய்கிறது. 2022 இல் டீசலுக்கு வரிசையில் நின்றதை நாம் மறந்திருக்க மாட்டோம். படகுக்காரருக்குக் கடலில் தேடி அலையும் ஒவ்வொரு மணித்தியாலமும் டீசல்தான். தேடும் இடத்தைச் சுருக்கித் தரும் ஒரு அறிவித்தல், மீன் விலையிலும் எங்கள் சமையலறையிலும் வந்து முடியும்.

*பச்சை எல்லாம் பரக்கத் அல்ல*

பச்சை என்றாலே நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. 2019 செப்டெம்பரில் மன்னார் வளைகுடாவின் இந்தியப் பக்கத்தில், மண்டபம், பாம்பன் அருகே கடல் கடும் பச்சையாக மாறியது. இரவில் அலை மின்னியது. நொக்டிலூகா என்ற ஒரு நுண்ணுயிர் அளவுக்கு மீறிப் பெருகியதே காரணம். அது செத்து அழுகும்போது தண்ணீரிலிருந்த ஒட்சிசன் குறைந்தது. மீன்கள் செத்து ஒதுங்கின, சிங்கிள் தீவைச் சுற்றிய முருகைக்கற்களும் இறந்தன. அதே வளைகுடாவின் மறுகரை எங்கள் மன்னார்.

இப்படிப்பட்ட பெருக்கத்தைச் செய்மதி முன்கூட்டியே காட்டக்கூடும். ஆனால் எது உணவு, எது ஆபத்து என்று பிரித்துச் சொல்ல, பழைய கருவிகளின் ஐந்தாறு நிறங்கள் போதவில்லை. 2024 பெப்ரவரி 8 இல் நாசா ஏவிய 'பேஸ்' செய்மதி, ஊதா கடந்த ஒளியிலிருந்து சிவப்புக்கு அப்பால் வரை மிக நெருங்கிய படிகளில் நிறத்தைப் பிரித்துப் பார்க்கிறது. பிளாந்தனின் அளவோடு வகையையும் அறிவதே அதன் நோக்கம்.

*செய்மதிக்குத் தெரியாதவை*

2021 மே 20 இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அருகே தீப்பிடித்தது. 1,486 கொள்கலன்கள் அதில் இருந்தன. ஜூன் தொடக்கத்தில் கப்பல் அமிழ்ந்தது. புகையையும், பின்பு கப்பலைச் சுற்றிப் படர்ந்த படலத்தையும் செய்மதிகள் படமெடுத்தன. ஆனால் ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகளும் அதில் இருந்தன. சில மில்லிமீற்றர் அளவுள்ள அந்த மணிகளை வானத்திலிருந்து எண்ண முடியாது. சரக்குவ, நீர்கொழும்புக் கரைகளில் மனிதர்கள் குனிந்து அள்ளித்தான் அவற்றின் அளவை உணர்ந்தோம்.

அந்த வாரங்களில் எங்கள் வீடுகளில் நடந்தது நினைவிருக்கும். மீன் சாப்பிடலாமா, கூடாதா என்று வட்ஸ்அப்பில் ஆளுக்கொரு செய்தி. எந்தக் கடலின் படம் என்று தெரியாத படங்களையும் பகிர்ந்தோம். நாங்களும் பகிர்ந்தோம், அதை ஒப்புக்கொள்கிறோம். மீன் விற்பவர் வெறும் தராசோடு நின்றார். படத்தைப் பார்த்துப் பயப்படத் தெரிந்த எங்களுக்கு, அதை வாசிக்கத் தெரிந்திருக்கவில்லை.

செய்மதிக்கு வேறு குறைகளும் உண்டு. முகில் இருந்தால் அதற்குக் கடல் தெரியாது. எங்கள் தென்கரை மிகவும் பச்சையாகும் பருவக்காற்று மாதங்கள்தான் முகில் மிகக் கூடிய மாதங்கள். கரையோரத்தில் மண்ணும் இலைச்சாயமும் கலந்து கணக்கைக் குழப்பும். நீலத்தைப் பச்சையால் வகுக்கும் எளிய கணக்கு களனி முகத்துவாரத்தில் மண்ணைப் பிளாந்தன் என்று பிழையாக எண்ணிவிடலாம். பாக்குநீரிணை போன்ற ஆழமில்லாத இடங்களில் கடலின் அடித்தரையும் குறுக்கே வரும். ஆழ்கடலில் நன்றாக வேலை செய்யும் கருவி, மக்கள் வாழும் கரையை நெருங்க நெருங்கத் தடுமாறுகிறது.

இங்கேதான் கதை எங்கள் வாசலுக்கு வருகிறது. கிருலப்பனைக் கால்வாய் வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கமாகப் பிரிந்து கடலில் விழுகிறது. ஐரோப்பாவின் சென்டினல்-3 செய்மதி கடலின் நிறத்தைப் பார்க்கும்போது, அதன் படத்தில் ஒரு புள்ளி 300 மீற்றர். கால்வாய் வாயும் அதன் கலங்கலும் அந்த ஒரு புள்ளிக்குள் கரைந்துவிடும். சென்டினல்-2 பத்து மீற்றர் அளவில் பார்க்கும். ஆனால் ஏறத்தாழ ஐந்து நாளைக்கு ஒரு முறைதான் வரும், அன்று முகில் இருந்தால் அதுவும் இல்லை. பாலத்தில் நின்று நாம் கால்வாய்க்குள் எறியும் 'ஷொப்பிங் பேக்' எந்தச் செய்மதியின் கணக்கிலும் வராது. அதைப் பார்க்கக்கூடிய கண்கள் எங்களுடையவை மட்டும்தான்.

*நாம் செய்யக்கூடியது*

இந்தத் தரவுகளில் பெரும்பகுதி இலவசம். நாசாவின் 'வேர்ல்ட்வியூ' தளத்தையும் ஐரோப்பாவின் 'கொப்பர்நிக்கஸ்' தளத்தையும் யாரும் திறந்து, திகதியைத் தெரிவு செய்து, எங்கள் கடலைப் பார்க்கலாம். கைத்தொலைபேசியில் கூடப் பார்க்கலாம். இரண்டாயிரம் வருடமாக மாலுமிகள் உயிரைப் பணயம் வைத்துப் பெற்ற அறிவின் ஒரு பங்கு இப்போது கிருலப்பனையில் ஒரு பிள்ளையின் கையில் இருக்கிறது. வாசிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் பாக்கி.

நாங்கள் ஒரு சிறிய வேலையைத் தொடங்கியிருக்கிறோம். ஒவ்வொரு வாரமும் ஒரே நாளில், ஒரே இடத்தில் நின்று, கடலின் நிறம், அதற்கு முந்திய மழை, காற்றின் திசை ஆகியவற்றைப் பிள்ளைகள் ஒரு கொப்பியில் எழுதுகிறார்கள். தண்ணீருக்குள் யாரும் இறங்குவதில்லை, பெரியவர் ஒருவர் கட்டாயம் கூட இருப்பார். அதே திகதியின் செய்மதிப் படத்தை வகுப்பில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இரண்டும் ஒத்துப்போகாத நாட்களில்தான் கூடப் படிக்கிறோம்.

"கடலுக்கு நிறம் இல்லை" என்று சொன்ன அந்த மகனிடம், அது எங்கள் பிழை என்று வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னோம். அவன் சிரித்துவிட்டு, ராமனின் அந்தப் பட்டகம் எங்கே வாங்கலாம் என்று கேட்டான்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் வாப்பாவோ, அப்பாவோ, நானாவோ, மாமாவோ கடல் தொழில் செய்தவராக இருந்தால் அவர்களிடம் கேளுங்கள். தண்ணீரின் ஒவ்வொரு நிறத்துக்கும் அவர்கள் என்ன பெயர் சொன்னார்கள்? எந்த நிறத்தைக் கண்டு வலை போட்டார்கள், எதைக் கண்டு திரும்பினார்கள்? கீழே எழுதுங்கள். அவற்றையும் அந்தக் கொப்பியிலேயே பதிந்து வைப்போம். செய்மதிப் படங்கள் களஞ்சியத்தில் பத்திரமாக இருக்கும். அந்த மூத்தவர்களின் சொற்களுக்கு அப்படி ஒரு களஞ்சியம் இல்லை.